ஊர்க் கணக்கை யார் கேட்பது?

அயோவா என்றதும் நம்மில் பலருக்கு அசோகமித்திரனின் 'ஒற்றன்!' நாவல் நினைவுக்கு வரும். 1973-இல் அவர் போய்த் தங்கியது அயோவா சிட்டி. அந்த ஊர்ப் பல்கலைக்கழக மாணவர்களின் பத்திரிகை 'தி டெய்லி அயோவன்'. என் மகள் அங்கே படிக்கப் போனதிலிருந்து நானும் அதை வாசித்து வருகிறேன்.

2024 தொடக்கத்தில் அந்தப் பத்திரிகையை நடத்தும் லாபநோக்கற்ற அமைப்பு, பக்கத்துச் சிற்றூர்களின் இரண்டு வார இதழ்களை விலைக்கு வாங்கியது. ஒன்று 'மவுண்ட் வெர்னன்-லிஸ்பன் சன்', மற்றது 'சோலன் எகானமிஸ்ட்'. "காலேஜ் பசங்க ஊர்ப் பத்திரிகையை வாங்கறாங்களா!" என்று வியந்தேன். வரி விளம்பரங்கள் இணையத்துக்குப் போனபின் அமெரிக்காவில் சிற்றூர் இதழ்கள் பல மூடப்பட்டுவிட்டன. அந்த நிலையில் இது நல்ல காரியம்தான்.

ஆனாலும் பாராட்டோடு நிறுத்த மனம் வரவில்லை. மாணவர் நாலு வருஷத்தில் போய்விடுவார். ஊர்ப் பத்திரிகைக்குப் பலமே ஞாபகம்தான். அதே மாநிலத்தில் 1990-இல் ஜான் கல்லன் தொடங்கிய 'ஸ்டார்ம் லேக் டைம்ஸ்' இதற்குச் சாட்சி. 2017-இல் அதன் விற்பனை 3,000 பிரதி அளவுதான் இருந்தது. ஆற்றில் நைட்ரேட் கலப்பதாகச் சொல்லி, 2015-இல் டி மொயின் நகரக் குடிநீர் நிறுவனம் மூன்று கவுண்டி நிர்வாகங்கள் மீது வழக்குப் போட்டது. கவுண்டிகளின் வக்கீல் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அந்தச் சின்னப் பத்திரிகை விடாமல் கேட்டது. பின்னால் இருந்தவை விவசாயத் தொழில் அமைப்புகள். 2017-இல் அதன் ஆசிரியர் ஆர்ட் கல்லனுக்குத் தலையங்கத்துக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. விளம்பரம் தருகிறவர்களும் கோபப்படக்கூடிய ஊரில், அங்கேயே குடியிருந்துகொண்டு அப்படி எழுதுவது லேசான விஷயமல்ல.

மாணவரிடம் துணிச்சல் உண்டு. ஊரோடு வயதான நிருபரிடம் ஞாபகம் உண்டு. இரண்டும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால்தான் அயோவா முயற்சி நிலைக்கும் என்பது என் கருத்து.

நம் கதை என்ன? சங்க மலரில் சிலப்பதிகாரம் பற்றி எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். ஆனால் முப்பது வருஷமாகக் குடியிருக்கும் வார்டில் தண்ணீர்க் குழாய்க்கு ஒதுக்கிய பணம் என்னாச்சு என்று கேட்டால், "நமக்கென்ன சார், நாம வெளியூர்க்காரங்க" என்கிறோம். தண்ணீர் குடிக்கும்போது மட்டும் நாம் வெளியூரா?