பத்து நிமிடத் தண்ணீர்

911 ஆபரேட்டர் என்ற அவசர அழைப்பு விளையாட்டில் (2017) ஏறக்குறைய எந்த ஊரின் வரைபடத்தையும் இறக்கிக்கொள்ளலாம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருக்களையும் தேடிப் பார்க்கலாம். தெரு அசல், தீயணைப்பு வண்டியோ திரையில் நகரும் ஒரு சின்னம்தான்.

நிஜத்தில், தமிழ்நாட்டுத் தீயணைப்பு வண்டியின் தொட்டி பொதுவாகச் சுமார் 4,500 லிட்டர் கொள்ளும். நிமிடத்துக்கு 450 லிட்டர் பீய்ச்சினால் பத்தே நிமிடம். பிறகு கிணறோ கண்மாயோ தண்ணீர் லாரியோ தேட வேண்டும். வண்டியின் எஞ்சினே பம்பையும் சுழற்றுவதால், நின்ற இடத்திலும் உறுமிக்கொண்டே இருக்கும். தரையில் துவண்டு கிடக்கும் 63 மில்லிமீட்டர் குழாய், தண்ணீர் ஏறியதும் விறைத்துப் பிடித்தவரையே பின்னால் தள்ளும்.

ராஜபாளையத்து நூற்பாலைகளின் பஞ்சில் பிடிக்கும் தீ இன்னும் பொல்லாதது. மேலே அணைந்தாலும் பொதிக்குள் கனன்றுகொண்டிருக்கும். பொதியைக் கிழித்து, பஞ்சைப் பிரித்துப் போட்டுத்தான் நனைக்க வேண்டும்.