மச்சுப் பலகை

சென்ற தை மாதம் வாழப்பாடியில் எங்கள் பாட்டனார் வீட்டைப் பிரித்தார்கள். இடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஓட்டை இறக்கி, கைமரங்களைக் கழற்றி, மச்சுப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து முற்றத்தில் அடுக்கினார்கள். எல்லாம் வேங்கைப் பலகை. பாக்கு மூட்டைகளைச் சுமந்து சுமந்து மேல்முகம் தேய்ந்திருந்தது. சுவரோரமாக இருந்த பலகைகளில் மட்டும், ஆணியால் கீறிய கோடுகள் ஐந்தைந்தாக நின்றன. பாட்டனார் வைத்த மூட்டைக் கணக்கு அது.

அண்ணன் ஒரு வியாபாரியிடம் விலை பேசியிருந்தார். அண்ணன் மகளோ, அடுத்த தெருவில் தான் கட்டும் வீட்டின் மாடி அறைக்கு அவற்றையே தளமாகப் போட வேண்டும் என்றாள். என் அபிப்பிராயத்தையும் கேட்டார்கள். கோடு உள்ள பலகைகளையாவது தனியே எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும் என்றேன். கதை எழுதுகிறவனைக் கேட்டால் வேறு என்ன சொல்லுவான்?

பழைய மரத்தைத் தேடி வாங்குகிறவர்கள் இன்று பலர். அதை வெறும் மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. மெதுவாக வளர்ந்து வயிரம் பாய்ந்த மரம்; நெளிய வேண்டியதெல்லாம் எப்போதோ நெளிந்து அடங்கிவிட்ட மரம். புதிதாக அறுத்த பலகைக்கு அந்த நிதானம் வர நாளாகும். ஆனால் வாங்கிய மரத்தைக் கொண்டுபோய் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் ரசனை தெரிந்துபோகிறது.

ஒரு பெரிய ஓட்டலின் முகப்பில் இரண்டு செட்டிநாட்டுத் தூண்களைப் பார்த்தேன். பர்மாத் தேக்கு. கடல் கடந்து தொழில் செய்தவர்கள் கொண்டுவந்து நிறுத்திய மரம். 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்ததோடு அந்தச் செல்வத்துக்குப் பெரிய அடி விழுந்தது. பராமரிக்க முடியாமல் பின்னாளில் பல வீடுகளைப் பிரித்து விற்றார்கள். காரைக்குடிக் கடைகளில் அவற்றின் தூணும் கதவும் விலைக்குக் கிடைக்கின்றன. ஓட்டல் தூணைத் தடவிக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். அதன் தலைக்கும் காங்கிரீட் கூரைக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி இருந்தது. தூண் எதையும் தாங்கவில்லை! நாம் நாவலில் செய்வதும் பல சமயங்களில் இதுதான். பாட்டி வாயிலிருந்து ஒரு பழமொழியைப் பெயர்த்து, கதைக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் நிறுத்திவிட்டு, மண்வாசனை என்கிறோம். நானே செய்திருக்கிறேன்.

இதற்கு நேர்மாறான ஒன்று உதகமண்டலத்தில் இருக்கிறது. அங்கே செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக்கு 1829-இல் அஸ்திவாரமிட்டார்கள். அதன் பெரிய உத்திரமும் மற்ற மரங்களும் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தவை. 1799-இல் திப்பு வீழ்ந்தபின் வென்றவர்கள் கைக்குப் போன மரம். 1792 வரை எங்கள் சேலம் சீமையும் திப்புவின் ஆட்சியில் இருந்ததுதான். அதனாலோ என்னவோ அந்த உத்திரத்தின் கீழ் நின்றபோது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. கொள்ளைக்கு நியாயம் கற்பிக்க நான் வரவில்லை. ஆனால் மரம் உழைக்கிறது. இருநூறு ஆண்டுகளை நெருங்கும் காலமாக ஒரு கூரை அதை நம்பி நிற்கிறது.

முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவையும் சொல்ல வேண்டும். கேரளத்திலும் செட்டிநாட்டிலும் இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி பூட்டியிருக்கிறார்கள். தூண் தூணாகவே நிற்கிறது. குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அடுப்பு எரியாத வீடு அது, சாயங்காலம் பூட்டிவிடுவார்கள். அப்படிச் சில வீடுகள் இருக்கத்தான் வேண்டும். ஊரிலுள்ள பலகையையெல்லாம் அங்கே அனுப்ப முடியாது.

இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு வாழப்பாடி முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் அரைமனதாகச் சம்மதித்துவிட்டார். ஆசாரி ஒவ்வொரு பலகைக்கும் சாக்கட்டியால் எண் போட்டு, குறட்டால் ஆணிகளைப் பிடுங்கினார். "ஒரு ஆணி உள்ளே நின்னுட்டாலும் இழைப்புளி வாய் போயிருமுங்க" என்றார். உளுத்த முனைகளை அறுத்துத் தள்ளினார். பத்துக்கு இரண்டு பலகை அப்படியே போயிற்று. மிச்சத்தைப் புது அறையிலேயே, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, மூன்று வாரம் சும்மா விட்டார். வேங்கையில் ஈரம் பட்டால் மஞ்சள் சாயம் இறங்கும், பலகையும் உப்பும். அதனால் காங்கிரீட் நன்றாகக் காய்ந்த பிறகே அதன்மேல் சட்டங்களைப் பரப்பினார்.

அப்போதுதான் சிக்கல் வந்தது. தேய்ந்த முகத்தை இழைத்தால் கோடுகள் போய்விடும். இழைக்காவிட்டால் வெறுங்காலில் சிலாம்பு ஏறும். "கவுத்திப் போட்டுரலாமுங்க" என்றார் ஆசாரி. கீழ்வீட்டுக்கு மேற்கூரையாக இருந்த அடிமுகம், அந்தக் காலத்தில் இழைத்த வழவழப்பு மாறாமல் இருந்தது. ஆனால் கவிழ்த்துவிட்டால் பாட்டனார் கணக்கு இனி யார் கண்ணிலும் படாது.

நான் தடுத்தேன். கோடு உள்ள நாலு பலகைகளைச் சுவரில் மாட்டலாமே என்றேன்.

"சுவத்துல மாட்டினா தரைக்கு நாலு பலகை குறையுமே, சித்தப்பா? அதுக்குப் புதுப் பலகைதானே வாங்கணும்?" என்றாள் அவள்.

எனக்கு ஓட்டல் தூண் ஞாபகம் வந்தது. ஊரையெல்லாம் குறை சொல்லிவிட்டு, தாங்குகிற பலகையைச் சும்மா நிற்கவைக்க நானே கிளம்பியிருக்கிறேன்!

கவிழ்த்தே போட்டார்கள். வியாபாரி சொன்ன தொகை கைநழுவிய வருத்தம் அண்ணனுக்கு இன்னும் இருக்கிறது. போடுவதற்கு முன்னால் கோடுகளை ஒருமுறை எண்ணினேன். 117 மூட்டை. எந்த வருஷத்துக் கணக்கோ! இப்போது அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு அவள் மகன் வாய்ப்பாடு எழுதுகிறான்.