பொன்னியும் ஹொன்னும்: ஒரு திரையாக்கத்தின் மொழிப்பயணம்

பெங்களூரின் தென்பகுதியிலுள்ள பொம்மனஹள்ளி என்னும் ஊர்ப்பெயரின் ஈறு, தமிழின் 'பள்ளி' என்பதோடு உறவுடையது. கன்னடத்தில் சொல்முதல் பகரம் ஹகரமாகத் திரிந்தமையால் பள்ளி 'ஹள்ளி' ஆயிற்று. பால் 'ஹாலு' எனவும் பொன் 'ஹொன்னு' எனவும் வழங்கலாயின. ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டையொட்டித் தொடங்கிய இத்திரிபு, பின்னரே நிலைபெற்றது.

மணிரத்னம் இயக்கிய 'பொன்னியின் செல்வன்' (2022, 2023) கன்னடத்திலும் இதே தலைப்புடன் வெளியாயிற்று. பெயர்க்காமல் விட்டது சோம்பல் எனத் தோன்றலாம், அன்று. கதை நிகழும் பத்தாம் நூற்றாண்டில் கன்னடரும் 'பொன்' என்றே கூறினர். அவ்வகையில் இத்தலைப்பு கன்னடருக்கு அவர்தம் மொழியின் பழநிலையையே காட்டுகிறது. 'இன்' உருபும் 'ஊரின' போன்ற வடிவங்களால் அவர் அறிந்ததே. 

தலைப்பு இவ்வாறு எல்லை கடந்தது. நாவலின் குரல் கடக்கவில்லை. 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த கல்கியின் கதை, ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் செல்லும் வந்தியத்தேவனோடு தொடங்குகிறது. கதைசொல்லி வாசகரையும் உடனழைத்துச் செல்கிறார். வழியில் நின்று வரலாறு கூறுகிறார், கேலி செய்கிறார். பயணம் என்பது இங்கு இடப்பெயர்ச்சியன்று, உரையாடல். திரைப்படமோ போர்க்களத்தில் தொடங்குகிறது. முன்னுரைக் குரல் தொடக்கத்தோடு ஓய்கிறது. சோழநாட்டுப் பயணத்தின் பெரும்பகுதி 'பொன்னி நதி' பாடலுள் அடங்கிவிடுகிறது. முதற்பாக இறுதியின் கடற்புயலைக் காட்சி சிறப்பாகவே தாங்குகிறது. ஆனால் புயலுக்குக் கதைசொல்லி தேவையில்லை, ஏரிக்கரைக்குத் தேவை.

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க சிக்கல் ஒன்றுண்டு. நாவலில் வந்தியத்தேவன் ஆழ்வார்க்கடியானை 'நீர்' என விளிப்பான். 'நீ' என்பதன் உரிமையும் 'தாங்கள்' என்பதன் பணிவும் இதிலில்லை. ஐயமும் நட்பும் கலந்த மனநிலையை இவ்வொரு சொல்லே சுமக்கிறது. அவனது கிண்டல் இதன்மேல் நிற்பது. இன்றைய கன்னட வழக்கிலோ 'நீனு', 'நீவு' என்னும் இரண்டே பரவலானவை. முன்னதைக் கொண்டால் ஒற்றர் இருவர் பால்யத் தோழராவர். பின்னதைக் கொண்டால் கிண்டல் மரியாதையாகிவிடும். உதட்டசைவுக்கேற்பச் சொல் தேடும் குரல்மாற்றுரையாளர், ஒவ்வொரு வசனத்திலும் இவ்விரண்டில் ஒன்றை இழந்தே மற்றொன்றைப் பெறவேண்டியுள்ளது.