இரவலர்முன் வீரன்: இலியட் காவியமும் கர்ண மோட்சக் கூத்தும்

முன்னுரை

கிரேக்கக் காவியத் தலைவனின் இலக்கணத்தை ஆராயும் ஒப்பாய்வுகள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடு தொடங்குகின்றன. உடல்வலிமை, அஞ்சாமை, சொல்வன்மை, புகழ்வேட்கை, விருந்தோம்பல் எனப் பண்புகள் அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் புறநானூற்றிலிருந்து ஓர் இணை காட்டப்படும். பட்டியலில் பிழையில்லை; ஆயின் அதற்குள் அக்கிலீஸும் அதியமானும் ஒரே ஆளாகிவிடுகின்றனர். முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921) சபை உறுப்பினருக்குரிய தகுதிகளை நிலம், மனை, கல்வி, 35க்கு மேல் 70க்குள் வயது என வரையறுக்கிறது. குடவோலை முறைக்கு அத்தகைய பட்டியல் தேவை. காவியத் தலைவனை அவ்வாறு தேர்ந்தெடுக்க இயலாது.

க. கைலாசபதி 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய நூல், மில்மன் பாரி, ஆல்பர்ட் லார்டு ஆகியோரின் வாய்மொழிக் கோட்பாட்டைத் துணைக்கொண்டு சங்கப் பாடல்களைக் கிரேக்கக் காவியத்தோடு ஒப்பிட்டது. பாரியும் லார்டும் அக்கோட்பாட்டை நிறுவுவதற்கு யூகோஸ்லாவியாவில் உயிரோடிருந்த பாடகர்களையே நாடினர். தமிழ் ஒப்பாய்வோ ஏட்டிலுள்ள பாடல்களோடு பெரிதும் நின்றுவிட்டது. காஞ்சிபுரம், உத்திரமேரூர், செய்யாறு வட்டாரச் சிற்றூர்களில் இன்றும் இரவு முழுதும் நிகழ்த்தப்படும் பாரதக் கூத்து அதன் எல்லைக்குள் உரிய இடம் பெறவில்லை. இப்பகுதியின் பாரத மரபு நேற்று வந்ததன்று. காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த, ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்போர்க்கு ஒரு பங்கு ஒதுக்குகிறது.

அக்கிலீஸின் இரு முகங்கள்

ஹோமரின் வீரனுக்கு மதிப்பு என்பது கண்ணால் காணத்தக்க பொருள். போரில் கிடைத்த பங்கே அவன் பெருமைக்கு அளவுகோல். அகமெம்னோன் பிரைசெயிஸைப் பறித்தபோது அக்கிலீஸ் இழந்தது ஒரு பெண்ணை மட்டுமன்று. படையினர் கூடி அளித்த சிறப்பையும் இழந்தான். எனவேதான் களத்தை விட்டு விலகுகிறான். ஒன்பதாம் பகுதியில், நெடிய வாழ்வா நிலைத்த புகழா என்ற தெரிவு அவன் வாயிலாகவே வெளிப்படுகிறது. பட்டியல் ஆய்வுகள் வழக்கமாக இவ்விடத்தோடு அமைதியடைந்துவிடும்.

ஆனால் காவியம் அவனை அளப்பது வேறிடத்தில். இருபத்தொன்றாம் பகுதியில் லைக்கேயோன் முழந்தாளைப் பற்றி உயிர்ப்பிச்சை கேட்கிறான். அக்கிலீஸ் இரங்காமல் கொல்கிறான். இருபத்து நான்காம் பகுதியில், மகனைக் கொன்ற கையையே முத்தமிட்டு, முதிய பிரியம் ஹெக்டரின் உடலை இரக்கிறான். இம்முறை அக்கிலீஸ் தன் தந்தையை நினைத்து அழுது, உடலைக் கொடுத்துவிடுகிறான். இரண்டு இடத்திலும் வலிமை ஒன்றே, அஞ்சாமையும் ஒன்றே. இரப்பவன்முன் நின்றபோது மட்டும் அவன் இருவேறு மனிதனாகிறான்.

இதனைத் தூய கொடை என்று கொள்வதும் மிகை. தேவர்களின் ஆணை தாய் தீட்டிஸ் வழியாக முன்னரே வந்துவிட்டது. பிரியம் கொணர்ந்த ஈட்டுப்பொருளையும் அக்கிலீஸ் ஏற்கிறான். அப்பொருள் தகுதியற்றதன்று என்றும், அதில் உரிய பங்கு தருவதாகவும் இறந்த பத்ரோக்ளஸிடம் கூறித் தன் செயலுக்கு அமைதி தேடுகிறான். இரக்கம் வந்த பின்னும் மதிப்பின் கணக்கு அழியவில்லை.

கர்ணனின் கொடை

கர்ணனுக்கும் அக்கிலீஸுக்கும் உள்ள ஒற்றுமை மேலோட்டமானதன்று. இருவரும் தெய்வப் பெற்றோரின் மைந்தர். இருவரும் பிறர் தொடுத்த போரில் மடிகின்றனர். பீஷ்மரால் இழிவுற்ற கர்ணன், அவர் வீழும்வரை பத்து நாள் களம் புகவில்லை. அக்கிலீஸின் விலகலுக்கு இதனினும் நெருங்கிய இணை காண்பது அரிது.

வியாச பாரதத்தில் கவச குண்டலங்களை ஈந்த கர்ணன், இந்திரனிடமிருந்து சக்தி ஆயுதத்தைப் பெறுகிறான். அங்குக் கொடைக்கு ஈடு உண்டு. வில்லிபுத்தூரார் பாரதமோ வியாசரிடம் இல்லாத ஒரு காட்சியைச் சேர்க்கிறது. அம்பு பாய்ந்து கிடக்கும் கர்ணனிடம் கண்ணன் முதிய அந்தணனாய் வந்து, அவன் செய்த புண்ணியம் அனைத்தையும் இரக்கிறான். நீருக்கு மாற்றாகக் குருதியைத் தாரைவார்த்துக் கர்ணன் அதனைக் கொடுக்கிறான். பின்னர் வரம் கேட்கச் சொன்னபோதும், இல்லையென்று வருவோர்க்கு இல்லையென்னாத நெஞ்சத்தையே வேண்டுகிறான். வீடுபேறு கிட்டுகிறது என்பது உண்மை. ஆயின் அதனை எதிர்பார்த்து அவன் கொடுக்கவில்லை. முல்லைக்குத் தேர் ஈந்த பாரி, மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் ஆகியோரின் கொடைமடம் இக்காட்சியில் காவிய வடிவம் பெறுகிறது எனலாம். வடமொழிக் கதைமாந்தன் தமிழ் வள்ளல் மரபுக்குள் வந்து சேரும் இடமும் இதுவே.

கூத்து இதனை மேலும் கூர்மையாக்குகிறது. புயங்களில் கட்டையும் தலையில் கிரீடமும் அணிந்து வரும் கர்ணன், களத்திற்குச் செல்லுமுன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறுகிறான். ஆறாம் பகுதியில் ஹெக்டர் அந்திரோமக்கேயிடம் விடைபெறும் காட்சியை இது நினைவூட்டும். ஆனால் ஹெக்டரைப் பிறப்பால் எவரும் பழித்ததில்லை. அரசகுலத்துப் பொன்னுருவியோ தேரோட்டி வளர்த்த கணவனை இழிவாகக் கருதியவள். வீரன் இங்கே பகைவனுக்கு முன்பாகத் தன் வீட்டில் மதிப்புப் பெற வேண்டியவனாகிறான். சாதியடுக்கு நிலவும் ஊரில், விடியவிடிய அமர்ந்திருக்கும் அவைக்கு இக்காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இறப்புச் சடங்கும் காவியமும்

திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் தொடர்ந்து நடைபெறும். கர்ண மோட்சத்திற்கு அதற்கு அப்பாலும் ஓர் இடம் உண்டு. வடதமிழக ஊர்களில் ஒருவர் இறந்த பின் நிகழும் கருமாதியின்போது இக்கூத்தை ஆடச்செய்வது வழக்கம். இறந்தவர் அரசராகவோ போர்வீரராகவோ இருந்திருக்க வேண்டியதில்லை. கர்ணனுக்குக் கிட்டிய கதி அவருக்கும் கிட்டுக என்பதே வேண்டுதல்.

இலியட்டும் வெற்றியில் முடியவில்லை. ஹெக்டரின் ஈமத்தில் முடிகிறது. அந்திரோமக்கே, ஹெக்குபா, ஹெலன் ஆகிய மூவரும் அடுத்தடுத்துப் புலம்புகின்றனர். பத்தாம் நாள் வைகறையில் சிதை மூட்டப்படுகிறது; மறுநாள் எலும்புகள் பொற்பேழையில் இடப்படுகின்றன. கூத்தில் குந்தி, வாழ்நாளெல்லாம் மறைத்த மகனை மடியில் கிடத்தி, ஊரறியத் தன் பிள்ளை என்று அழுகிறாள். ஹெக்டருக்காக அழுபவர்கள் அவன் யாரென்பதை எப்போதும் அறிந்தவர்கள். கர்ணனின் பெயரோ, அவன் எல்லாவற்றையும் கொடுத்து முடித்த பின்னரே, ஒப்பாரியில் முதன்முதலாக உரக்கச் சொல்லப்படுகிறது.