முகப்பரு ஜெல்லோடு வரும் அந்த மடித்த தாள்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். "மாமா, இதுல என்னதான் போட்டிருக்கு, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

ஊர் கீரனூர். புதுக்கோட்டைக் கீரனூர் இல்லை, பழனிப் பக்கம் இருப்பது. தாள், தோல் டாக்டர் எழுதிக்கொடுத்த முகப்பரு ஜெல்லின் டப்பாவுக்குள் ஏழெட்டு மடிப்பாக இருந்தது. எறும்பு சைஸ் எழுத்து, முழுக்க ஆங்கிலம். முதல் வரியே, இது பதிவுபெற்ற மருத்துவர், மருத்துவமனை, ஆய்வகம் ஆகியோரின் உபயோகத்துக்கு மட்டும் என்கிறது. அதாவது, டப்பாவைக் காசு கொடுத்து வாங்கிப் பிரிப்பவள் இதைப் படிக்க வேண்டிய ஆள் இல்லை.

இருபது வருஷமாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். டாக்குமென்டேஷன் எழுதுவதும், மற்றவர்கள் எழுதியதைப் படித்துத் திட்டுவதும் சம்பளத்தில் சேர்த்தி. அதனால் இந்தத் தாளை ஒரு புத்தகத்தை விமர்சிப்பது மாதிரி விமர்சிக்கலாம் என்று தோன்றியது. நான் டாக்டர் இல்லை, வெறும் பி.ஈ. யாருக்கு எந்த ஜெல் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு வீட்டில் நடப்பது பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் வேறொரு ட்யூப்

இந்த ஜெல்லுக்கு முன்னால் இன்னொரு க்ரீம் இருந்தது. காலேஜ் தோழி ஒருத்தி சொன்னாள், மருந்துக்கடையில் சீட்டு கேட்காமல் கொடுத்தார்கள். பத்து நாளில் பரு அடங்கி, முகமும் வெளுத்தது. அக்காவுக்கு ஒரே சந்தோஷம். மூன்றாவது மாதம் க்ரீமை நிறுத்தினால் முகம் சிவந்து எரிந்தது, பரு முன்னைவிட அதிகமாக வந்தது. மறுபடி பூசினால் அடங்கியது. "இது இல்லாம இருக்க முடியலை மாமா" என்றாள். அதைச் சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ட்யூபை வாங்கிப் பார்த்தேன். ஹைட்ரோகுவினோன் 2%, ட்ரெட்டினாயின் 0.025%, மொமெட்டசோன் 0.1%. மூன்றாவது பெயர் ஸ்டீராய்டு. இந்தக் கூட்டுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1975-ல் வெளியிட்ட நிறம் குறைக்கும் சூத்திரத்தின் பேரப்பிள்ளை இது. மங்கு போன்ற கருந்திட்டுகளுக்கு, டாக்டர் கண்காணிப்பில், கொஞ்ச காலம் பூச வேண்டியது. பருவுக்கானது இல்லை. ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் அமுக்கும், ரத்தக்குழாயைச் சுருக்கித் தோலை வெளுப்பாகக் காட்டும். பருவின் மூலகாரணம் அப்படியே இருக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், நரம்பு மாதிரி சிவப்புக் கோடுகள் தெரியும், ஸ்டீராய்டே புதுப் பருவைக் கிளப்பும். முகம் இதற்கு மோசமான இடமும் கூட. 1967-ல் ஃபெல்ட்மன், மைபாக் இருவரும் ஹைட்ரோகார்ட்டிசோனை வைத்து அளந்தபோது, முன்கையின் உட்புறம் உறிஞ்சியதைப் போல நெற்றி 6 மடங்கும் தாடை 13 மடங்கும் உறிஞ்சின.

இது இவள் ஒருத்தியின் கதை இல்லை. 2011-ல் இந்தியத் தோல் மருத்துவ சஞ்சிகை ஒன்றில் வந்த ஆய்வில், பல ஊர்களில் முகப் பிரச்சினையோடு வந்த 2926 பேரைப் பார்த்திருக்கிறார்கள். அதில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். நம் டாக்டர்கள் இதற்கு 'ஸ்டீராய்டால் சேதமான முகம்' என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள்.

சட்டம் என்ன செய்தது என்று தேடினால், என் தொழிலுக்குப் பழக்கமான ஒன்று கிடைத்தது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியல் அட்டவணை எச். பட்டியலின் அடியில் ஒரு குறிப்பு: இவற்றின் உப்புகள், தயாரிப்புகள் எல்லாம் அடங்கும், மேலே பூசுவதற்கானவை தவிர. நாங்கள் கோடில் போடும் எக்ஸ்க்ளூட் வரி மாதிரி ஒன்று. மாத்திரையாக வந்தால் சீட்டு வேண்டும், களிம்பாக வந்தால் வேண்டாம் என்று அதைப் படித்தார்கள். தோல் மருத்துவர்கள் சங்கம் வருஷக்கணக்கில் போராடிய பிறகு, 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை அட்டவணையில் சேர்த்தது. ஆனால் பழக்கம் கெஜட்டைப் படிப்பதில்லை. அக்கா மகள் வாங்கியது அதற்கு எத்தனையோ வருஷம் கழித்து. ட்யூபில் சிவப்பில் எச்சரிக்கை இருந்தது, சின்னதாக, ஆங்கிலத்தில்.

இப்போது அந்தத் தாள்

டாக்டர் ஸ்டீராய்டிலிருந்து அவளை மெதுவாக வெளியே கொண்டுவந்து, பிறகு கொடுத்தது அடாபலீன் 0.1%, பென்சாயில் பெராக்சைடு 2.5% சேர்ந்த ஜெல்.

அடாபலீன் ரெட்டினாய்டு வகை, வைட்டமின் ஏ-யின் தூரத்துச் சொந்தம். இந்த வகையைப் பருவுக்குக் கொண்டுவந்ததும் அதே கிளிக்மன்தான். அவரும் சகாக்களும் ட்ரெட்டினாயின் பற்றிய கட்டுரையை 1969-ல் வெளியிட்டார்கள். ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள்மேல் அவர் நடத்திய சோதனைகள் பின்னால் பெரிய அவமானமாக வெளியே வந்தன. நாம் பூசும் ஜெல்லின் வம்சாவளியில் அந்தக் கைதிகளின் முதுகும் இருக்கிறது. அடாபலீன் அடுத்த தலைமுறை, அமெரிக்காவில் 1996-ல் அனுமதி பெற்றது. எரிச்சல் குறைவு. ட்ரெட்டினாயினை வெளிச்சமும் பென்சாயில் பெராக்சைடும் சிதைத்துவிடும், அடாபலீன் தாங்கும். அதனால்தான் இரண்டையும் ஒரே ட்யூபில் அடைக்க முடிகிறது.

தாளில் இருக்கும் தகவல் எதுவும் தப்பில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேதிப்பெயர், செயல்முறை, பக்கவிளைவு, கர்ப்பகால எச்சரிக்கை எல்லாம் சரியாக இருக்கின்றன. தப்பு, அதைப் படித்தவள் செய்ததில் தெரிந்தது.

ஒன்று. "பாதிக்கப்பட்ட இடத்தில் பூசவும்" என்று இருக்கிறது. அவள் அகராதி பார்த்துப் புரிந்துகொண்டு, ஒவ்வொரு பருவின் தலையிலும் புள்ளி புள்ளியாக வைத்தாள். பற்பசையும் திருநீற்றுப்பச்சிலைச் சாறும் நம் வீடுகளில் அப்படித்தானே வைப்போம்? ஆனால் ரெட்டினாய்டின் வேலை, இன்னும் கண்ணுக்குத் தெரியாத அடைப்புகளில்தான். இன்று துளையில் உருவாகும் அடைப்புதான் சில வாரம் கழித்துப் பருவாகிறது. ஆகவே பரு வரும் பகுதி முழுக்க, கன்னம் என்றால் முழுக் கன்னத்துக்கும், பூச வேண்டும். டாக்டருக்கு 'இடம்' என்றால் பகுதி. இவளுக்கு 'இடம்' என்றால் பரு. ஒரு சொல்லில் ஒரு மாச மருந்து வீணாகியது.

இரண்டு. "மெல்லிய படலமாக." எவ்வளவு மெல்லிசு? முழு முகத்துக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு போதும் என்பது தோல் மருத்துவர்கள் வாய்வார்த்தையாகச் சொல்வது. தாளில் பட்டாணி இல்லை. அதிகம் பூசினால் சீக்கிரம் சரியாகும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது என்னவோ எரிச்சலும் தோல் உரிவதும்தான்.

மூன்று. இதுதான் எனக்குக் கோபம் வந்த இடம். முதல் சில வாரங்களில் பரு அதிகமாவது போலத் தெரியலாம், அதற்காக நிறுத்த வேண்டாம், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். ஜெல் பூசும் ஒருவருக்கு வேண்டிய மிக முக்கியமான தகவல் இது. தாளில் இருக்கிறது, பின்பக்கம், மூன்றாவது பத்தியின் நடுவில். இவளோ ஏற்கெனவே ஒரு க்ரீம் ஏமாற்றியதில் பயந்துபோயிருப்பவள். மூன்றாம் வாரம் கன்னம் நிறையப் பரு கிளம்பியதும், இதுவும் அதே கதை என்று நிறுத்திவிட்டாள். பழைய ஸ்டீராய்டு ட்யூபை எடுக்கக் கை போயிருக்கிறது. பத்து நாளில் சந்தோஷம் கொடுத்து மூன்று மாதத்தில் கெடுத்த மருந்து அது. இது மூன்று வாரம் கெடுத்து மூன்று மாதத்தில் சரிசெய்யும் மருந்து. இந்த வித்தியாசத்தை முதல் வரியில் சொல்லாத தாள் வேறென்ன சொல்லி என்ன?

பூச்சிமருந்துக்கு உண்டு, முகத்துக்கு இல்லை

மருந்துத் தாள் இப்படித்தான் இருக்க முடியும் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு எடுத்துக்காட்டு.

அடாபலீன் 0.1% ஜெல்லை 2016 ஜூலையில் அமெரிக்க எஃப்டிஏ சீட்டில்லாமல் விற்க அனுமதித்தது. அதற்கு முன், டப்பாவில் உள்ள வாசகம் சாதாரண ஆட்களுக்குப் புரிகிறதா, படித்துவிட்டு 'இது எனக்கானதா' என்று சரியாக முடிவெடுக்கிறார்களா என்றெல்லாம் ஆய்வு செய்து காட்ட வேண்டியிருந்தது. மருந்தைச் சோதித்த மாதிரி வாக்கியத்தையும் சோதித்திருக்கிறார்கள்.

இரண்டாவதைத் தேடி அமெரிக்கா போக வேண்டாம். அக்கா வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. வெங்காயத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்து பாட்டிலோடு வரும் தாளில் தமிழ் இருக்கிறது, மற்ற இந்திய மொழிகளும் இருக்கின்றன. விஷத்தின் அளவைக் காட்ட சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறம் வேறு. எழுத்து அங்கேயும் பொடிசுதான், மொழிநடையும் கரடுமுரடுதான். ஆனாலும் விவசாயி படிக்க வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். வெங்காயச் செடியில் படுவதற்குத் தமிழில் விளக்கம், பிள்ளையின் முகத்தில் படுவதற்கு இல்லை.

ஓர் எதிர்வாதம் நியாயமானது. எளிய தமிழில் எழுதினால், சீட்டில்லாமல் தாங்களே வாங்கிப் பூசுவது கூடிவிடாதா? கூடலாம். ஆனால் அந்த ஸ்டீராய்டு க்ரீம் தமிழ்த் தாளை நம்பியா விற்றது? தோழி சொன்னாள், கடைக்காரர் கொடுத்தார், கண்ணாடி பத்தாம் நாளே சபாஷ் போட்டது. எழுத்து இல்லாத இடத்தை வாய்ப்பேச்சு நிரப்பியது. தமிழ்த் தாளின் முதல் பத்தி, யார் பூசக் கூடாது என்பதாக இருந்தால் குறைந்தது ஒரு தடையாவது இருக்கும்.

நான் எழுதிப் பார்த்தது

குறை சொன்னால் மாற்று தர வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். டாக்டர் சொன்னதையும் தாளையும் வைத்து ஒரு பக்கம் எழுதினேன்:

கர்ப்பமாக இருந்தால், அல்லது அதற்கு முயற்சி செய்தால், பூசும் முன் டாக்டரிடம் சொல்லவும்.

முதல் ஒரு மாதம் பரு கூடினாலும் பயப்பட வேண்டாம். மூன்று மாதம் பொறுக்கவும். முகம் வீங்கினாலோ, கடுமையாக எரிந்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்கவும்.

ராத்திரி மட்டும். முகத்தைக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு, முழு முகத்துக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. கண், உதடு, மூக்கு ஓரங்களில் வேண்டாம். எரிச்சல் இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள்.

பகலில் சன்ஸ்கிரீன். தோல் வறண்டால் மாய்ஸ்சரைசர். ஸ்க்ரப், எலுமிச்சை, பூசிய இடத்தில் வேக்சிங் வேண்டாம்.

தலையணை உறை, துப்பட்டா வெளுத்துப்போகும். வெள்ளை உறை போட்டுக்கொள்ளவும்.

ஆன்டிபயாடிக் ஜெல் தனியாக இருந்தால், டாக்டர் சொன்ன காலத்துக்கு மேல் பூசக் கூடாது. கிருமி பழகிவிடும்.

எஃப்டிஏ மாதிரி நானும் சோதிக்கலாம் என்று அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "ஒரு கன்னத்துக்கு ஒரு பட்டாணியா?" என்றாள். 'முழு முகத்துக்கும் சேர்த்து' என்று தெளிவாகத்தானே எழுதியிருக்கிறேன்! அக்கா மகள் கேட்டது வேறு: "பச்சைப் பட்டாணியா, காஞ்ச பட்டாணியா?" பிறகு அவளே, "வீட்டுக்குள்ளயே இருக்கிற நாளும் சன்ஸ்கிரீன் போடணுமா?" அதற்கு என் தாளில் பதிலே இல்லை. டாக்டரிடம் கேட்டு எழுது என்று இடம் விட்டேன்.

ஆக என் தாளும் முதல் சோதனையிலேயே மூன்று பக் வாங்கியது. பொடி எழுத்துத் தாளை எழுதியவர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் அவர் அதை ஓர் அக்காவிடமும் கொடுத்துப் பார்க்கவில்லை என்பது நிச்சயம்.

பொங்கலுக்குப் போனபோது பதினோராவது வாரம். கன்னத்தில் தழும்பு இருக்கிறது, புதுப் பரு இரண்டு மூன்றுதான். என் தாள் பீரோ கதவில் ஒட்டியிருந்தது. 'பட்டாணி'யை அடித்துவிட்டு அவள் கையால் எழுதியிருந்தாள்: "காய்ந்த பட்டாணி, மொத்தமே ஒண்ணு."