இடப்பக்கத்து இரட்டைச் சங்கிலி

பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் இடப்பக்கச் செயின் கேஸின் மூடியைக் கழற்ற ஒரே ஒரு நட்டு போதும். மூடியின் நடுவில் இருக்கிறது. ஓரத்தில் ஒரு ரப்பர் வளையம் எண்ணெயைக் காக்கிறது. ஓரம் முழுக்க ஸ்க்ரூ வரிசைகட்டி நிற்கும் மற்ற வண்டிகளைத் திறந்து பழகியவர்களுக்கு இந்தச் சிக்கனம் முதலில் நம்பும்படியாகவே இருக்காது. ஃபுட்ரெஸ்ட்டை விலக்கி, அடியில் ஒரு தட்டை வைத்து, அந்த நட்டைத் திருகினால் அரை லிட்டருக்கும் குறைவான எண்ணெய் வழிந்து முடிகிறது. இன்ஜினிலிருந்து கிளட்ச்சுக்குச் சங்கிலி ஓடும் பகுதியான பிரைமரி முழுவதும் கண்ணுக்கு வந்துவிடுகிறது.

350 புல்லட்டில் முன்னே 25 பல் ஸ்ப்ராக்கெட், பின்னே கிளட்ச் டிரம்மைச் சுற்றி 56 பல். இன்ஜின் இரண்டேகால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் கிளட்ச் ஒரு சுற்று. இடையில் ஓடுவது இரட்டை வரிசைச் சங்கிலி. கண்ணிக்குக் கண்ணி மூன்று நூல், அதாவது 3/8 அங்குலம். அதில் இணைப்புக் கண்ணி கிடையாது. ஆகவே கழற்றும்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சங்கிலியோடு சேர்த்துத்தான் வெளியே இழுக்க வேண்டும், மாட்டும்போதும் அப்படியே. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. இன்ஜினின் ஒவ்வொரு வெடிப்பின் உதையும் இந்தச் சங்கிலி வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது.

என்னை மிகவும் கவர்வது கியர்பாக்ஸ் நிற்கும் விதம். அக்காலத்துப் பல பிரிட்டிஷ் வண்டிகளில் கியர்பாக்ஸ் தனியாகத் தொங்கும். பிரைமரி செயினை இறுக்க அதையே பின்னுக்கு இழுப்பார்கள். இழுக்கும்போது அது ஒரு மயிரிழை திரும்பினாலும் சங்கிலி கோணலாகிவிடும். புல்லட்டில் கியர்பாக்ஸ் இன்ஜினின் முதுகோடு நேராகப் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே உள்ள தூரம் மாறாது. தொய்வை எடுப்பதற்குக் கீழ்ச் சங்கிலியின் அடியில் வளைந்த ஒரு பட்டை உண்டு. மேல் சங்கிலியின் மிக இறுக்கமான இடத்தில் இரண்டு நூல் ஆட்டம் இருக்கும்படி அதை நிறுத்தினால் சரி. 1955இல் சென்னையில் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் இந்த வண்டி உருவாகத் தொடங்கிய பிறகும் பல பத்தாண்டுகளுக்கு இந்த அமைப்பு மாறவில்லை. மாற்றத் தேவையும் இருக்கவில்லை.

இந்த அமைப்பில் கோணலைச் சரிசெய்ய என்று ஒரு திருகாணிகூடக் கிடையாது. எல்லாம் அதனதன் இடத்தில் முழுசாக உட்கார்ந்தால் சங்கிலி தானாகவே நேராக நிற்கும். இன்ஜினை முழுசாகப் பிரித்து மறுபடி கட்டிய பிறகு பிரைமரி சீறினால், ஏதோ ஒன்று உட்காரவில்லை என்று பொருள். எது என்பதை இரும்பே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மூடியைத் திறந்து, எண்ணெயைத் துடைத்துவிட்டு, பற்களின் பக்கவாட்டை டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சங்கிலி தேய்த்த இடம் நகைக்கு மெருகு போட்டதுபோல் மின்னும். முன் ஸ்ப்ராக்கெட்டில் பல்லின் வெளிமுகமும் கிளட்ச்சில் உள்முகமும் சுற்றிலும் ஒரே சீராக மின்னினால், முன் ஸ்ப்ராக்கெட் வெளியே தள்ளி நிற்கிறது. மினுப்பு இடம் மாறியிருந்தால் கதையும் தலைகீழ். ஒரே ஸ்ப்ராக்கெட்டில் பாதி வட்டத்துப் பற்கள் வெளிமுகத்திலும் எதிர்ப்பாதி உள்முகத்திலும் மின்னினால் அது தள்ளி நிற்கும் நோயே அல்ல. அந்த ஸ்ப்ராக்கெட்டே கோட்டமாகச் சுற்றுகிறது. இத்தனையையும் சொல்ல அந்தப் பல்லுக்கு இருப்பது சில மில்லிமீட்டர் அகலம்தான்.

கண்ட சந்தேகத்தை ஸ்கேல் உறுதி செய்யும். நல்ல எஃகு ஸ்கேலைக் கிளட்ச் பற்களின் முகத்தில் ஒட்டி வைத்து, அதன் நுனி முன் ஸ்ப்ராக்கெட்டில் எப்படிப் படுகிறது என்று பார்க்கிறார்கள். படாவிட்டால் அந்தச் சந்து வழியே வெளிச்சம் தெரியும்; ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்தால் அளவு கிடைத்துவிடும். அளப்பதற்கு முன் கிராங்க்கையும் மெயின் ஷாஃப்டையும் ஒரே பக்கமாகத் தள்ளிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பேரிங்கின் இயல்பான ஆட்டமே கணக்கில் சேர்ந்துவிடும். பிறகு கிளட்ச்சைக் கால் சுற்று திருப்பி மறுபடி அளக்க வேண்டும். சந்து மாறினால் கோட்டம். மாறாவிட்டால் தள்ளல். ஒரு ஸ்கேலும் சில தகடுகளும் இவ்வளவு தெளிவான விடை தருவது எனக்கு இன்றும் வியப்புதான்.

சந்து கண்டதும் அதை நிரப்ப ஷிம் என்ற மெல்லிய தகட்டை வெட்டப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஷிம் தவறை மறைக்கும், தீர்க்காது. கியர்பாக்ஸும் இன்ஜினும் ஒட்டும் முகத்தில் பழைய பேக்கிங்கின் ஒரு சிம்பு காய்ந்து ஒட்டியிருக்கலாம்; முகத்தில் அது காகிதத் தடிமன்தான், ஆனால் கியர்பாக்ஸையே சாய்த்துவிடும். கிளட்ச் டிரம்மின் பேரிங் கடைசி வரை இறங்காமல் நின்றிருக்கலாம். புதிய மெயின் பேரிங் போட்டபோது கிராங்க் இடம் மாறியிருக்கலாம். இவை எல்லாவற்றையும் பார்த்துத் தீர்த்த பின்னும் சந்து மிஞ்சினால், அப்போது ஷிம்முக்கு மரியாதை உண்டு.

முன் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் ஷிம் போட்டால் வேலை அதோடு முடிவதில்லை என்பதுதான் இந்த அமைப்பின் கடைசி நுணுக்கம். அதே தண்டில், ஸ்ப்ராக்கெட்டுக்கு வெளியே, ஆல்டர்னேட்டரின் ரோட்டர் உட்கார்ந்திருக்கிறது. ஸ்ப்ராக்கெட் நகர்ந்தால் அதுவும் நகரும். மூன்று ஸ்டட்களில் நிற்கும் ஸ்டேட்டர் நகராது. ஆகவே இரண்டின் முகமும் நேருக்கு நேர் நிற்கிறதா என்று பார்த்து, நடுவே சுற்றிலும் எட்டு தௌ, அதாவது 0.2 மி.மீ. தகடு தடையில்லாமல் ஓடுகிறதா என்று சோதித்த பிறகே, அந்த ஒற்றை நட்டை இறுக்க வேண்டும்.