மேலிருந்து வரைந்த மாளிகை

லண்டனில் 1707இல் வெளியான 'பிரிட்டானியா இல்லஸ்ட்ராட்டா' தொகுப்பில் 80 படங்கள். பெரும்பாலும் இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகள், அவற்றின் தோட்டங்கள். லெனார்ட் நிஃப் வரைந்ததை யோஹான்னஸ் கிப் செப்புத் தகட்டில் செதுக்கினார். எல்லாமே வானத்திலிருந்து பார்த்தது போலத் தெரியும். மனிதன் பலூனில் ஏறியதே 1783இல்தான். தரையில் பார்த்ததை மனசுக்குள் மேலே ஏற்றித்தான் வரைந்திருக்க வேண்டும். பெரிய வித்தை அது.

வாசல், லாயம், கத்தரித்த செடிவேலி, கடைசி மரவரிசை எல்லாம் ஒரே தாளில். நம் மதுரையை மையில் வரைந்த மனோகர் தேவதாஸ் பெரும்பாலும் தரையில் நின்று பார்த்தவர். கல்லின் சொரசொரப்பைக்கூட அவர் பேனா விடாது. ஆனால் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர் படத்தைக் கேட்க முடியாது. நிஃப்பின் படத்தைக் கேட்கலாம்.

எம்.ரெட்டியபட்டிப் பக்கம் மானாவாரிக் கரிசலையும் கம்மாயையும் பார்த்துப் பழகிய கண் வேறொன்றையும் கேட்கும்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இந்தப் படங்களில் நீரூற்று பீறிடும். அதற்குத் தண்ணீர் வரும் வழி பெரும்பாலும் தெரியாது. விஏஓ ஆபீஸ் புலப்படத்தில் அழகு மருந்துக்கும் இல்லை, ஆனாலும் கிணற்றைக் குறித்திருப்பார்கள்.

பூதக்கண்ணாடி வைத்து ஒரு மரத்தைப் பாருங்கள். உருண்டையாக ஒரு தலை, கீழே ஒரு குச்சி, ஒரு பக்கம் நிழல். அடுத்ததும் அப்படியே, நூறாவதும் அப்படியே. பட்டுப்போன மரம் ஒன்றுகூடக் கிடையாது. முன்னால் குதிரை வண்டி கம்பீரமாகப் போகும். இத்தனை வேலியைக் கத்தரித்தவன் இருந்தால் எறும்பளவு. படத்துக்குக் காசு கொடுத்தது மாளிகைக்காரர்கள்தானே! நட நினைத்த மரத்தை நட்டதாகவே காட்டிய தாள்களும் உண்டு. இதைச் சின்னக் குறையென்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

அதற்காக இவற்றை வெறும் முகஸ்துதி என்று ஒதுக்கவும் முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ரசனை மாறி, இந்த நேர்கோட்டுத் தோட்டங்களில் பெரும்பாலானவை அழிந்தன. குளோஸ்டர்ஷயரின் வெஸ்ட்பரி கோர்ட் தோட்டத்தை 1967இல் நேஷனல் டிரஸ்ட் எடுத்துச் சீரமைத்தபோது, ராபர்ட் அட்கின்ஸின் 1712 நூலுக்காகக் கிப் செதுக்கிய படம்தான் அமைப்புக்கு வழிகாட்டியது. எந்தெந்தச் செடி என்பதற்கு மட்டும், தோட்டம் போட்ட மேனார்ட் கோல்செஸ்டரின் கணக்குப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருந்தது.